தேயிலைக் கொசு: வேம்பு காய்வதும் முந்திரிப் பூ கருகுவதும் ஒரே பூச்சியாலா?

முந்திரித்தோப்பு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். பண்ருட்டிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் முந்திரி இருக்கிறது. 2011 டிசம்பரில் தானே புயல் பழைய மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு வைத்த ஒட்டுக்கன்றுகள், வி.ஆர்.ஐ. 3 இரகம். இந்த வருஷம் மழை நின்றதும் தளிர் செழிப்பாக வந்தது. மார்கழிக் கடைசியில் தளிர்க்காம்பில் புள்ளி புள்ளியாகக் கறுக்க ஆரம்பித்து, தை பிறந்ததும் பூங்கொத்து அப்படியே கருகி நிற்கிறது. சில கிளைகளில் நுனியிலிருந்து ஒரு சாண் வரை காய்ந்துவிட்டது.

வரப்பில் நிற்கும் வேப்பமரங்களும் இதே போல நுனியிலிருந்து காய்ந்து பழுப்பாகி நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ தீ வைத்த மாதிரி.

மருந்துக்கடையில் கேட்டதற்கு, நோய் மருந்து ஒன்று, பூச்சி மருந்து இரண்டு, மூன்றையும் கலந்து உடனே பூவில் அடிக்கச் சொல்கிறார்கள். நானும் வீட்டில் உள்ளவர்களும் தேடிப் பார்த்துவிட்டோம், கண்ணில் ஒரு பூச்சி படவில்லை. இது நோயா, பூச்சியா? வேம்புக்கும் முந்திரிக்கும் சம்பந்தம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பூச்சிப்பார்வை

வணக்கம் அண்ணா. நான் பூச்சியியல் படிக்கிறேன், முந்திரியில்தான் வேலை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பெரும்பாலும் தேயிலைக் கொசு. பெயரில்தான் கொசு, அது ஒரு நாவாய்ப்பூச்சி. ஹீலோபெல்டிஸ் என்ற பேரினம். 1858-இல் சிக்னோரே என்ற பிரெஞ்சுப் பூச்சியியலாளர் விவரித்தது. ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, இலங்கை, இந்தோனேசியா வழியாக வட ஆஸ்திரேலியா வரை வெப்ப நாடுகளில் இதன் இனங்கள் பரவியிருக்கின்றன. நம் நாட்டில் முக்கியமானவை மூன்று: அன்டோனியை, பிராடியை, தெய்வோரா. முந்திரியிலும் வேம்பிலும் அதிகம் இருப்பது அன்டோனியை. அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில், ஆம், இரண்டையும் தாக்குவது ஒரே பூச்சியாக இருக்க முழு வாய்ப்பு உண்டு.

அடையாளம் சொல்கிறேன். ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் நீளம். ஒல்லியான உடம்பு, கறுப்புத் தலை, செம்பழுப்பு மார்பு, உடம்பைவிட நீளமான உணர்கொம்பு. சந்தேகமே இல்லாமல் பிரித்துக் காட்டுவது முதுகுதான். இறக்கை தொடங்கும் இடத்துக்கு முன்னால் ஒரு முள் செங்குத்தாக நிற்கும், அதன் உச்சியில் குமிழ். குண்டூசியைக் குத்தி நிறுத்தியது போலவே இருக்கும். கைக்கண்ணாடி கூட வேண்டாம், கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். குஞ்சுகளுக்கும் இரண்டாம் பருவத்திலிருந்து அந்த முள் வந்துவிடும். முதல் பருவக் குஞ்சுக்கு இருக்காது, அதை எறும்பு என்று நினைத்து விட்டுவிடுவோம்.

உங்கள் கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. நீங்கள் கருகிய பூங்கொத்தில் தேடியிருக்கிறீர்கள். அது அங்கே இருக்காது. குத்திய இடம் முதலில் நீர் கோர்த்தது போல இருக்கும், முந்திரியில் ஒரு துளி பிசினும் கசியும். பிறகு பழுப்பாகி, இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடும். நீங்கள் கறுப்பைப் பார்க்கும் நேரத்தில் பூச்சி பக்கத்துப் பச்சைத் தளிருக்குப் போயிருக்கும். காலை வெயில் ஏறுவதற்கு முன்போ சாயங்காலமோ, இன்னும் ஒன்றும் ஆகாத இளந்தளிரில் தேடுங்கள். கிட்டே போனால் தண்டின் மறுபக்கத்துக்குச் சுற்றிக்கொண்டு போய்விடும். அதனால் ஒருவர் இந்தப் பக்கமும் இன்னொருவர் அந்தப் பக்கமும் நின்று பார்க்க வேண்டும்.

இவ்வளவு சின்னப் பூச்சி இவ்வளவு சேதம் செய்வது அதன் எச்சிலால். அது சும்மா சாறு உறிஞ்சிவிட்டுப் போவதில்லை. ஊசி வாயைச் செருகி, உள்ளே இருக்கும் திசுவைக் கிழித்து, எச்சிலைப் பாய்ச்சிக் கரைத்துத்தான் குடிக்கிறது. எச்சில் பட்ட இடம் செத்துப்போகிறது. ஒரே பூச்சி ஒரு நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் குத்தும். அப்படியென்றால் ஒரு பூங்கொத்தைக் கருக்க ஒன்றிரண்டு பூச்சி போதும். கூட்டம் கூட்டமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. குத்திய காயத்தின் வழியாகப் பூஞ்சை உள்ளே போகும்போதுதான் கிளை நுனியிலிருந்து பின்னோக்கிக் காய்கிறது. கடைக்காரர் நோய் என்று சொல்வதற்கு அதுதான் காரணம். நோயும் இருக்கிறது, ஆனால் கதவைத் திறந்துவிட்டது பூச்சி.

வால்பாறைக்காடு

இருபக்கமும் நின்று பார்க்கச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் தேயிலைத் தோட்டத்தில் ஃபீல்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கம் வருவது தெய்வோரா, வயிறு பச்சையாக இருக்கும். வால்பாறை, வண்டிப்பெரியாறு, கூடலூர் எல்லா இடத்திலும் பெரிய தலைவலி அது. கொழுந்து சுருண்டு கறுத்துப் போகும், செடி அடுத்த கொழுந்து விடாமல் நின்றுவிடும். நல்ல மேகமூட்டமும் தூறலும் சேர்ந்தால் ஒரு காடு, அதாவது தோட்டத்தின் ஒரு பகுதி, முழுக்கப் பழுப்பாகிவிடும்.

தேயிலையில் முட்டையைப் பற்றித் தெரிந்தவன்தான் தப்பிப்பான். முட்டையை இளந்தண்டுக்குள் செருகிவிடும். வெளியே தெரிவது இரண்டு வெள்ளை இழை மட்டும், ஒன்று நீளம், ஒன்று குட்டை. முட்டை மூச்சு விடுவதற்கான ஏற்பாடு அது. மயிரிழை மாதிரி இருப்பதால் பழகாத கண்ணுக்குத் தெரியாது. கொழுந்து பறித்த இடத்தில் மிச்சம் நிற்கும் காம்பு முனையில் நிறைய இருக்கும். பறிக்கும்போது காம்பை நீளமாக விட்டுவிட்டால் முட்டையைச் செடியிலேயே விட்டுவைத்ததாக அர்த்தம். தாக்குதல் இருக்கிற காட்டில் காம்பு விடாமல் மட்டமாகப் பறிக்கச் சொல்வோம். மருந்து அதற்கு அப்புறம்தான். கொழுந்து பறிக்கும் பெண்கள்தான் இந்தப் பூச்சியை முதலில் பார்ப்பவர்கள். அவர்கள் சொன்ன அன்றைக்கே அந்த இடத்துக்குப் போன மேஸ்திரிகளின் காடுகள் தப்பித்தன, நான் பார்த்திருக்கிறேன்.

மருந்து அடித்தால் காட்டின் ஓரத்திலிருந்து உள்ளே வட்டமாக வர வேண்டும். உள்ளேயிருந்து ஆரம்பித்தால் பூச்சி பக்கத்துக் காட்டுக்குப் பறந்துவிட்டு, வாடை போனதும் திரும்பி வரும்.

விருத்தாசலம்_75

பூச்சி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தால் வயிறு நிறையாது. முந்திரியில் இந்தப் பூச்சியால் 30 முதல் 40 சதவீதம் வரை மகசூல் போகிறது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. மோசமான வருஷத்தில் சில மரங்களில் ஒரு கொட்டை கூட நிற்காது. மூன்று தடவை அடிக்கச் சொல்லிப் பரிந்துரை இருக்கிறது: தளிர் விடும்போது ஒன்று, பூங்கொத்து வரும்போது ஒன்று, பிஞ்சு பிடிக்கும்போது ஒன்று. நான் அப்படித்தான் செய்கிறேன், எனக்கு விளைகிறது. மருந்தே வேண்டாம் என்று சொல்பவர்கள் ஒரு வருஷம் வந்து எங்கள் கடனைக் கட்டட்டும்.

பூச்சிப்பார்வை

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை ஐயா. நீங்கள் சொன்ன மூன்று கட்டம் கர்நாடகத்தின் புத்தூரில் இருக்கும் முந்திரி ஆராய்ச்சி இயக்ககம் சொல்வதுதான். லாம்டா சைஹலோத்ரின் என்றால் லிட்டருக்கு 0.6 மில்லி. அதில் முதல் கட்டம்தான் உயிர்நாடி. தளிர் பருவத்தில் பூச்சி குறைவாக இருக்கும்போது பிடித்தால் பூவுக்கு அது பெருகி வராது. முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக மூன்று நான்கு வாரம்தான் ஆகிறது. தளிரில் விட்டுவிட்டால் பூ பூக்கும்போது அடுத்த தலைமுறை தயாராக நிற்கும்.

நம் பக்கம் நடப்பது தலைகீழ். தளிரில் யாரும் பார்ப்பதில்லை. பூ கருகியதும் பதறிப்போய், மூன்று நான்கு மருந்தைக் கலந்து பூ நிறைய இருக்கும்போது அடிக்கிறார்கள். பூச்சி ஏற்கெனவே தன் வேலையை முடித்துவிட்டது. சாவது தேனீயும் மற்ற மகரந்தப் பூச்சிகளும், இதன் முட்டைக்குள் முட்டையிடும் குட்டிக் குளவிகளும். டெலினோமஸ், எரித்மெலஸ் என்று அந்தக் குளவிகளில் பல உண்டு. மகரந்தம் சேராமல் கொட்டை பிடிக்கவில்லை என்றால் அந்தப் பழியும் பூச்சி மேல் விழுகிறது.

ஒவ்வொரு தடவையும் ஒரே வகை மருந்தையே அடித்தாலும் ஆபத்து. பூச்சி பழகிவிடும்.

எல்லைப்புறம்

நான் காசர்கோடு பக்கம் வேலை பார்க்கிறேன். இந்த இழையில் இதுவரை யாரும் எண்டோசல்ஃபான் என்ற பூச்சி மருந்தைச் சொல்லவில்லையே.

காசர்கோட்டில் கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்கள் மலைச்சரிவுகளில் இருக்கின்றன. கீழே வீடுகள், கிணறுகள், ஓடைகள். 1970-களின் கடைசியிலிருந்து 2000 வரை, வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். எதற்கு? இதே தேயிலைக் கொசுவுக்கு. எட்டு மில்லிமீட்டர் பூச்சிக்காக மலை முழுவதையும் நனைத்தார்கள். பிறவிக் குறைபாடுகள், நரம்புக் கோளாறுகள், வளர்ச்சி குன்றிய குழந்தைகள் என்று ஊர் ஊராகப் பேச்சு கிளம்பியது. எண்மகஜே உள்பட பதினொரு பஞ்சாயத்துகள் பாதிக்கப்பட்டவையாகப் பின்னால் அறிவிக்கப்பட்டன. 2011 ஏப்ரலில், அழியாமல் நிற்கும் நச்சு ரசாயனங்களுக்கு எதிரான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் எண்டோசல்ஃபானைத் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். அதே வருஷம் மே மாதம் உச்ச நீதிமன்றம் இந்தியாவில் தடை விதித்தது. 2017 ஜனவரியில் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. கொடுத்து முடிக்கவே ஆண்டுகள் ஆயின. படுக்கையில் கிடக்கும் பிள்ளைகளை இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கு ஐந்து லட்சம் என்ன செய்யும்?

பூச்சி இருக்கிறதா, எந்த மரத்தில், எந்தப் பருவத்தில் என்று பார்க்காமல், தேதி வைத்து மேலிருந்து தெளித்ததுதான் அங்கே நடந்தது. கடைக்காரர் சொன்னார் என்று மூன்றைக் கலந்து அடிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள் அண்ணா.

விருத்தாசலம்_75

அதை நான் மறுக்கவில்லை தம்பி. அந்தப் படங்களைப் பார்த்தவன்தான் நானும். எங்கள் தோப்பு சமவெளி, கைத்தெளிப்பான், மரத்துக்கு மரம் அடிக்கிறோம். இரண்டும் ஒன்றில்லை. ஆனால் மூன்றைக் கலப்பது தப்பு என்பதில் எனக்கும் சம்மதம். கலக்கச் சொல்லிக் கடையில்தான் சொல்வார்கள், ஆராய்ச்சி நிலையத்தில் சொன்னதில்லை.

மண்வாசம்

வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தால் போதாதா? ஏன் எல்லோரும் ரசாயனத்துக்கே போகிறீர்கள்?

பூச்சிப்பார்வை

இந்தப் பூச்சி வேம்பையே உறிஞ்சி வாழ்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். வேம்பில் பூச்சியை விரட்டும் சத்தான அசாடிராக்டின் அதிகம் இருப்பது விதையில், அது குடிப்பது இளந்தண்டில். அதனால் விதை எண்ணெய் அதைத் தொடவே தொடாது என்று சொல்ல முடியாது. குஞ்சுகள் கொஞ்சம் குறையும், முட்டையிட வருவதும் குறையலாம். ஆனால் பெருகிவிட்ட பிறகு அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது. பூச்சியைக் கொல்லும் பிவேரியா பூஞ்சையும் அப்படித்தான். காற்றில் ஈரம் இருந்தால் பிடிக்கும், தை மாசி வெயிலில் முந்திரித் தோப்பில் அது நிற்பது கஷ்டம்.

ஆயக்குடி_கொய்யா

கொய்யாக்காரர்களும் இதில் சேர்த்தி. எங்களுக்குத் தளிர் போவதைவிடப் பிஞ்சில் குத்துவதுதான் பெரிய நஷ்டம். குத்திய இடம் சொறி போலத் தடித்து, காய் பெரிதாகும்போது வெடிக்கும். உள்ளே பழம் நன்றாகத்தான் இருக்கும், சந்தையில் யாரும் தொட மாட்டார்கள். முருங்கையிலும் பார்த்திருக்கிறேன். பொள்ளாச்சிப் பக்கம் கோகோ வைத்திருக்கும் உறவினர் காய் மேல் வட்ட வட்டமாகக் கறுப்புப் புள்ளி என்று படம் அனுப்பினார், அதுவும் இதுதான்.

ஆகவே முந்திரிக்குள் ஊடுபயிராகக் கொய்யாவோ கோகோவோ வைக்க நினைப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள். பூச்சிக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு போட்டதாகிவிடும்.

புத்தளம்_கஜு

எங்கட பக்கமும் கஜுவுக்கு, அதான் முந்திரிக்கு, முதல் எதிரி இதுதான். தளிர் வரேக்க ஒருக்கா, பூ வரேக்க ஒருக்கா கவனமாப் பாக்கச் சொல்லுவினம். நான் கவனிச்ச ஒரு விஷயம்: முசுறு கூடு கட்டியிருக்கிற மரங்களில் சேதம் நல்லாக் குறைவு. இதைப் பற்றித் தெரிஞ்ச ஆக்கள் இருந்தா எழுதுங்கோ.

முசுறுப்படை

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

முசுறு, அதாவது இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு, இந்தப் பூச்சிக்கு நேரடி எதிரி. வட ஆஸ்திரேலியாவில் டார்வின் நகரின் சார்லஸ் டார்வின் பல்கலைக்கழகத்தில் ரென்காங் பெங்கும் கீத் கிறிஸ்டியனும் இதை முந்திரித் தோட்டங்களிலேயே செய்து காட்டினார்கள். அங்கே இருப்பது ஹீலோபெல்டிஸ் பெர்னிசியாலிஸ் என்ற இனம், 1995-இல்தான் பெயரிட்டார்கள். முசுறு நிறைந்த மரங்களில் தளிரும் பூங்கொத்தும் தப்பின. கிழக்கு ஆப்பிரிக்க முந்திரியிலும் முசுறின் இன்னொரு இனம் இதே வேலையைச் செய்கிறது. ஜாவாவில் கோகோ விவசாயிகள் நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு கறுப்பு எறும்பைக் காய்ந்த இலையில் கூடு கட்ட வைத்து மரத்துக்கு மரம் கொண்டுபோய்க் கட்டினார்கள், அதுவும் ஹீலோபெல்டிஸுக்காகத்தான்.

முசுறு கடிக்கும், ஆள் ஏற முடியாது என்று எல்லோரும் சொல்வார்கள். மாமரத்துக்கு அது உண்மையான தொல்லை. முந்திரியில் பழுத்துக் கீழே விழுந்ததைத்தானே பொறுக்குகிறோம்? மரம் ஏற வேண்டிய வேலை குறைவு. கடி வாங்குவது கவாத்து சமயத்தில் மட்டும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். மாவுப்பூச்சி, செதில்பூச்சிகளை முசுறு பாதுகாத்து வளர்க்கும். அவை எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், முசுறு இருக்கும் தோப்பில் பூச்சி மருந்து அடித்தால் முதலில் சாவது முசுறுதான். இரண்டும் ஒரே மரத்தில் நடக்காது.

விருத்தாசலம்_75

எறும்பு எல்லா மரத்திலும் இருக்குமா? எங்கள் தோப்பில் ஒரு மூலையில் கூடு கூடாக இருக்கும், மறு மூலையில் ஒன்றும் இருக்காது.

முசுறுப்படை

அதனால்தான் நாமே இடம் மாற்ற வேண்டும். ஒரு குடும்பத்தின் கூடுகளை மட்டும் ஒரு பகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். வேறு வேறு குடும்பத்தைக் கலந்தால் சண்டை போட்டே அழிந்துவிடும், மரம் காவல் இல்லாமல் போகும். ஒரே குடும்பம் இருக்கும் மரங்களுக்கு நடுவே கயிறு கட்டிவிடலாம், அதிலேயே போய் வரும். இரண்டு குடும்பங்களின் எல்லையில் தொட்டுக்கொண்டிருக்கும் கிளைகளைக் கழித்துவிடுங்கள்.

முந்திரித்தோப்பு

எல்லோருக்கும் நன்றி. விடிந்ததும் விடியாததுமாக நானும் மகளும் போனோம். கருகிய மரத்தை விட்டுவிட்டு, பிந்தித் தளிர்த்த ஒரு மரத்தில் பார்த்தோம். மகள்தான் முதலில் பிடித்தாள். கறுப்புத் தலை, சிவந்த மார்பு, முதுகில் அந்த முள். நான் கையை நீட்டியதும் காம்பைச் சுற்றி அவள் பக்கம் போனது. அது உட்கார்ந்திருந்த இடத்தில் நீர் கோர்த்த புள்ளிகள் வரிசையாக இருந்தன. அதில் இரண்டில் பிசின் துளி இன்னும் காயவில்லை. அதே காம்பை மறுநாள் பார்த்தால் புள்ளிகள் பழுப்பு, அதற்கு அடுத்த நாள் கறுப்பு. மருந்துக்கடைக்கு நான் எடுத்துப்போனது இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான்.

இப்போது என் கேள்வி வேம்பைப் பற்றி. வெட்டிவிடலாம் என்று பங்காளி சொல்கிறார், செத்துவிட்டதாம். இன்னொருவர் வேரில் மருந்து ஊற்றச் சொல்கிறார்.

பூச்சிப்பார்வை

தயவுசெய்து வெட்டாதீர்கள். வேம்பில் இரண்டும் சேர்ந்து வருகிறது: தேயிலைக் கொசு குத்துவது, ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே என்ற பூஞ்சையால் வரும் நுனிக்கருகல். 2021-இல் தெலங்கானாவில் மாநிலம் முழுக்க வேம்பு இப்படிக் காய்ந்து மக்கள் பயந்துபோனார்கள். மழைக்காலம் முடியும்போதும் குளிரிலும் காயும், வெயில் ஏறினால் பெரும்பாலான மரங்கள் மறுபடி துளிர்த்துவிடும். கிளையைக் கீறிப் பாருங்கள், பட்டைக்கு உள்ளே பச்சை இருந்தால் மரம் உயிரோடுதான் இருக்கிறது. கைக்கு எட்டும் காய்ந்த நுனிகளை வெட்டி எரித்துவிடுங்கள். வேரில் எதையும் ஊற்ற வேண்டாம். கிணற்றுக்குத்தான் போகும்.

முந்திரிக்கு இந்த வருஷம்: கருகிய பூங்கொத்துக்கு மருந்து அடிப்பதால் அது திரும்ப வராது. பிந்திய தளிரும் புதுப் பூங்கொத்தும் இருக்கும் மரங்களை மட்டும் குறித்துக்கொண்டு, பூச்சியைக் கண்ணால் பார்த்த மரத்திலும் அதைச் சுற்றியும் ஒரே ஒரு மருந்தைச் சாயங்காலம் அடியுங்கள். தேனீ அந்த நேரம் போயிருக்கும். அடுத்த வருஷம் மழை ஓய்ந்து முதல் தளிர் விட்டதும் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். பக்கத்துத் தோப்புக்காரர்களையும் சேர்த்துக்கொண்டால்தான் பலன்.

விருத்தாசலம்_75

பக்கத்துத் தோப்பு விஷயம் சரி. நான் ஒருவன் மட்டும் அடித்தபோது ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் அடித்த வருஷம் நன்றாக நின்றது. இரகத்தையும் கவனியுங்கள். புத்தூரில் வெளியிட்ட பாஸ்கரா என்ற இரகம் சற்றுப் பிந்திப் பூப்பதால் தாக்குதல் மிதமாக இருக்கும் வருஷங்களில் தப்பித்துக்கொள்ளும் என்கிறார்கள். நம் மண்ணுக்கு எப்படி என்று நானும் கொஞ்சம் கன்று வைத்துப் பார்க்கப் போகிறேன்.

முந்திரித்தோப்பு

சரி, வேம்பை விட்டுவிடுகிறேன். கீறிப் பார்த்தேன், பச்சை இருக்கிறது. முந்திரியில் குறித்த மரங்களில் மட்டும் அடிக்கிறேன். ஓடையோரம் ஒரு பகுதியை மருந்தில்லாமல் முசுறுக்கு விடலாம் என்று நினைக்கிறேன், அங்கே நாவல் மரத்தில் நிறையக் கூடுகள் இருக்கின்றன. எப்போது மாற்றலாம்?

முசுறுப்படை

அறுவடை முடிந்த பிறகு, அடுத்த தளிர் வருவதற்கு முன்னால் மாற்றுங்கள். அதிகாலையில் எறும்பெல்லாம் கூட்டுக்குள் இருக்கும்போது கிளையோடு வெட்டி, சாக்குப்பையில் போட்டு வாயைக் கட்டி, முந்திரி மரத்தின் கவட்டையில் வைத்துத் திறந்துவிடுங்கள். ஒரே நாவல் மரத்தின் கூடுகளாக எடுங்கள், கிடைக்கிற கூடு எல்லாவற்றையும் எடுங்கள், இராணி எந்தக் கூட்டில் இருக்கும் என்று வெளியிலிருந்து தெரியாது. பக்கத்தில் மருந்து அடிக்கும் தோப்பு இருந்தால் அதை ஒட்டிய இரண்டு வரிசையில் வைக்க வேண்டாம், காற்றில் வந்து விழும். கையில் சாம்பல் பூசிக்கொண்டு போங்கள், ஏறுவது குறையும்.